படிக்காததைத் தமிழுக்கு விடு

பாறசாலை ரோட்டில் என் முதுகில் லத்தியை இறக்கிய போலீஸ்காரன்மேல் எனக்கு இன்றைக்குக் கோபம் இல்லை. அவன் சம்பளத்துக்கு அடித்தான், நான் வீராப்புக்கு வாங்கினேன், அதோடு தீர்ந்தது. தண்டனை எழுதிய மாஜிஸ்திரேட் மேலும் இல்லை. எனக்கு வயிறெரிவதெல்லாம் அந்த ஜெயிலுக்குள்ளே, வேளாவேளைக்குக் கஞ்சி குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, எனக்கு நானே போட்டுக்கொண்ட லட்சியத்தின்மேல்தான். 'ஜெயிலில் இருந்தபோதே பெரிய காரியம் நினைத்தார், அதனால்தான் பெரிய ஆளானார்' என்று மேடையில் யாராவது பேசினால் செருப்பைக் கழற்றலாமா என்று கை துறுதுறுக்கும். நினைத்தவனெல்லாம் பெரிய ஆளானால், சந்தையில் மரச்சீனிக் கிழங்கு மூட்டை ஏற்ற ஆள் ஏது?

மரச்சீனி ஏற்றியவன் நான்தான். நான்காம் பாரம் வரைக்கும் படித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் வயதாகி விலகினார், பதிலுக்கு ஆள் வரவில்லை. எங்களைக் கொண்டுபோய் மலையாள வகுப்பில் உட்கார வைத்தார்கள். பேச்சு தெரியும், வீட்டிலும் ரோட்டிலும் ரெண்டு பேச்சும் கலந்துதான் கிடக்கும். எழுத்துதான் ஏறவில்லை. அங்கே கடைசி வரிசையில் கொஞ்ச நாள் முழித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் புத்தகப்பையை வீட்டில் போட்டுவிட்டு லாரிக்குப் போய்விட்டேன். ஆகவே எல்லைப் போராட்டம் என்று ஊர்வலம் கிளம்பியபோது என்னை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும், அதில் எங்கள் நெய்யாற்றின்கரையும் உண்டு, பாறசாலையும் உண்டு, செங்கல் என்கிற ஊரும் உண்டு. இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகப்பட்டவனை நாங்கள் மனுஷனாகவே மதிக்கவில்லை.

ரோட்டில் பஸ்ஸை மறித்தோம். எவனோ கல்லெறிந்தான். கையில் சிக்கியவர்களைப் பிடித்தார்கள், சிக்கியவர்களில் நானும் ஒருவன். அப்போது என் மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்.

ஜெயிலில் எங்கள் அறையில் மூன்று பேர். ஒருவன் விளவங்கோடு பக்கம், பி.ஏ. படித்தவன், என் வயதுதான், அழகாகப் பேசுவான். இன்னொருவர் செங்கலைச் சேர்ந்த கொத்தனார், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மூன்றாவது நான். உள்ளே போன மறுவாரமே பி.ஏ.க்காரன் ஒரு ஏற்பாடு செய்தான். எல்லை மாறியதும் புது நாடு, புது ஆபீஸ். ஆட்கள் நாமல்லாமல் வேறு யார்? ஆளுக்கு ஒரு பதவியை இப்போதே எடுத்துக்கொள்ள வேண்டும், இனிமேல் அந்தப் பதவியின் பேரால்தான் ஒருவரையொருவர் கூப்பிட வேண்டும், அப்போதுதான் அதற்குத் தகுந்த மாதிரி நம்மை நாமே தயார் செய்வோம் என்றான். அவன் தாசில்தார். கொத்தனார் காண்ட்ராக்டர். நான் வாயைத் திறந்து, "ஹெட்மாஸ்டர்" என்று சொல்லித் தொலைத்தேன்.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது.

"எங்க ஊருல, ரெயில்வே கேட்டு தாண்டி மேட்டுல. முழுத் தமிழ் ஹைஸ்கூல். ஒண்ணாம் கிளாஸ் தொட்டு," என்றேன்.

"கட்டடம் எனக்க பொறுப்பு," என்றார் கொத்தனார். "கருங்கல் அஸ்திவாரம். மேல தேக்கு. ஓலையெல்லாம் வேண்டாம், ஓடுதான் மேயணும். மழைக்கு ஒரு சொட்டு உள்ள விழாது ஹெட்மாஸ்டரே, நான் சொல்லுகேன்."

ஒரு செங்கல் துண்டால் தரையில் அவர் பள்ளிக்கூடம் வரைந்தார். எத்தனை ஜன்னல், எங்கே மணி தொங்கும், எங்கே கிணறு, எல்லாம் வரைந்தார். வார்டன் பெருக்கச் சொன்னால் பெருக்குவோம், மறுநாள் மறுபடியும் வரைவார். நான் அந்தக் கோட்டுக்குள் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போவேன். அவ்வளவு மரியாதை! பைத்தியக்காரன்.

ஹெட்மாஸ்டர் ஆக வேண்டுமென்றால் படிக்க வேண்டும். மதராசில் நடக்கிற வித்துவான் பரீட்சை எழுதுவது என்று முடிவு செய்தேன். முதலில் நுழைவு, அப்புறம் அடுத்தடுத்த படிகள். வீட்டிலிருந்து வந்த தமிழ் வேதப்புத்தகமும், தாசில்தார் எங்கிருந்தோ வரவழைத்த இலக்கணப் புத்தகமும்தான் கையில் இருந்தவை. மரச்சீனி ஏற்றின கை, நன்னூல் சூத்திரத்தை விரல் வைத்து வைத்துப் படித்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக அப்புறம் இருக்கவே இல்லை. ஒரு மனுஷனுக்கு ஜெயிலில் கிடைத்த சந்தோஷம் வெளியில் கிடைக்கவில்லை என்றால் அவன் தலையெழுத்தை என்ன சொல்ல.

தாசில்தார் இன்னொரு சட்டமும் போட்டான். மலையாள வார்த்தை ஒன்றுகூட வாயில் வரக்கூடாது. வந்தால், வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் மீன் துண்டை அவனிடம் கொடுத்துவிட வேண்டும். எது மலையாளம், எது தமிழ் என்று தீர்ப்புச் சொல்கிறவனும் அவன்தான், பி.ஏ. அல்லவா!

முதல் வாரமே கொத்தனார் குடிக்க வெள்ளம் கேட்டார். தாசில்தார் கையை நீட்டிவிட்டான்.

"எலே, வெள்ளம் மலையாளமா?" கொத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்க அம்மை பெத்து வெளிய போட்ட நாள் தொட்டு வெள்ளம்னுதான் கேக்குகேன். எனக்க அம்மை மலையாளத்தியா?"

"தண்ணின்னு சொல்லணும். அதாக்கும் தமிழ்."

"உங்க ஊர்ல நீங்களும் வெள்ளம்னுதானே சொல்லுவிய?"

"வீட்டுல சொல்லுவோம். இஞ்ச சொல்லுறதுக்குத்தான் கணக்கு."

மீன் போயிற்று. 'பைய' என்றேன், என் மீன் போயிற்று. சின்னதைக் 'கொச்சு' என்றார் கொத்தனார், மறுபடியும் போயிற்று. வாராவாரம் நாங்கள் ரெண்டு பேரும் வெறுங்கஞ்சி குடிக்க, விளவங்கோட்டான் மூன்று துண்டு மீனை முள்ளெடுத்துத் தின்பான். சிரிப்பும் கேலியுமாகத்தான் நடந்தது. தமிழுக்காக ஜெயிலுக்கு வந்த இடத்தில் எங்கள் வாயில் தமிழ் போதாது என்று ஒருவன் தீர்ப்புச் சொல்கிறானே, இது நாளைக்கு எங்கே போய் முடியும் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? நான் தமிழ் சுத்தமாகப் பேசப் பழகினேன். ஜெயிலை விட்டு வந்தபோது என் அம்மாவுக்கே நான் பேசுவது பாதி புரியவில்லை.

கைதிகளுக்கு எழுத்துப் படிப்பிக்க ஒரு மலையாள முன்ஷி வருவார். மெலிந்த மனுஷன், நல்லவர். நான் இலக்கணத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் வராந்தாவில் நிறுத்தி, "எடா, நீ மிடுக்கனாணு. மலையாளம் எழுத்து ஞான் படிப்பிக்காம். ஸ்கூல் பரீட்சை எழுது. எவிடெ சேர்ந்நாலும் அது உபகாரப்படும்," என்றார். நீ கெட்டிக்காரன், எழுத்து நான் சொல்லித் தருகிறேன், எங்கே சேர்ந்தாலும் உதவும் என்று அந்த மனுஷன் சொன்னது எனக்குக் குத்தலாகப் பட்டது. எங்கே சேர்ந்தாலும் என்றால்? நாங்கள் சேரப்போவது ஒரே இடம்தானே?

"வேண்டாம் சார். நாளைக்கு எனக்க ஊரு தமிழ்நாடாக்கும். எனக்கு அந்த எழுத்து எதுக்கு?" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அறையில் வந்து சொன்னேன், தாசில்தார் முதுகில் தட்டினான். அந்த வாரம் மீனைத் திருப்பிக் கொடுத்தான்.

வயிற்றுப் பிள்ளையோடு ஒரு தடவை வந்து கேட்டில் நின்றுவிட்டுப் போன மனைவி, பிள்ளை பிறந்த பிறகு மறுபடியும் ஜெயிலுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு துணியை விலக்கிக் காட்டினாள். பெண்பிள்ளை. ஒரு கை அளவுதான் இருந்தது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. பாறசாலையிலிருந்து பஸ்ஸில் வந்து, ஜெயில் வாசலில் காலையிலிருந்து வெயிலில் நின்றிருக்கிறாள். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எனக்க பள்ளிக்கூடத்துல முதல் பெஞ்சுல முதல் பிள்ளை இவதான்," என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

எட்டு மாதத்தில் வெளியே வந்தேன். பகலில் சுமை, மற்ற நேரம் படிப்பு. லாரி நிற்கிற இடத்தில் சுமையாட்கள், "ஹெட்மாஸ்டரே, அந்த மூட்டையப் பிடியும்," என்பார்கள். கேலிதான். எனக்குக் கேலியாகத் தோன்றவில்லை. சொல்லட்டும், வரப்போகிறதுதானே என்று சிரிப்பேன்.

பிறகு எல்லைக்கோடு போட்டார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டில், நாங்கள் மலையாளப் பக்கத்தில். விளவங்கோட்டைக் கொடுத்தவனுக்கு நெய்யாற்றின்கரையைக் கொடுக்கக் கை வரவில்லை. உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்பார்களே, அதுதான். நடந்து போகிற தூரத்தில் களியக்காவிளை, அங்கே தமிழ்நாடு. நவம்பர் முதல் நாள் அங்கே வெடிச்சத்தம் கேட்டு நானும் கொத்தனாரும் நடந்தே போனோம். கொட்டு, மாலை, ஊர்வலம். எங்கள் தாசில்தார் கழுத்து நிறைய மாலையோடு நின்றான். எங்களைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். அழுதான் என்றே நினைக்கிறேன்.

"மக்கா, விடமாட்டோம். ரெண்டு கொல்லத்துல உங்களையும் கொண்டுவருவோம்," என்றான்.

கொல்லம் என்றான். வருஷம் என்று சொல்லவில்லை. கொத்தனார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஒருவரும் மீன் கேட்கவில்லை. திரும்பி வரும்போது கொத்தனார் வழி முழுக்கப் பீடி புகைத்துக்கொண்டே வந்தார். வீடு வரப்போகிற இடத்தில், "நாம யாருக்கு வேண்டிடே அடி வாங்கினோம்?" என்று கேட்டுவிட்டுத் தன் வழியே போனார்.

நான் விடவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் ஆத்திரமாக இருக்கிறது, ஏன் அப்போதாவது விடவில்லை? கோடு எங்கே போட்டால் என்ன, ஊர் அங்கேதானே இருக்கிறது, பிள்ளைகள் வீட்டில் தமிழ்தானே பேசுகிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பரீட்சையைக் கடைசிப் படி வரைக்கும் எழுதித் தேறினேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் என் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார்கள். அம்மா அழுதாள். மனைவி ஓலை முடைந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தி, "இனி?" என்று மட்டும் கேட்டாள்.

வேலை கேட்டு முதலில் தெற்கே, விளவங்கோட்டுப் பக்கம் போனேன். நம் ஆள் அங்கே தாசில்தார் ஆகவில்லை என்றாலும் ஆபீஸில் நல்ல இடத்தில் இருந்தான், நாலு பேரைத் தெரிந்தவன். நாற்காலி போட்டான், காப்பி வாங்கித் தந்தான். விஷயத்தைச் சொன்னதும் மேஜையைப் பார்த்தான்.

"பரீட்சையெல்லாம் சரிதான். ஆனா நீங்க இப்போ வேற ஸ்டேட்டு ஆளுல்லா? இஞ்சயே ஆட்கள் நிறைய பேரு உண்டு. அவங்களுக்குக் குடுத்த பிறகுதான்…"

நீங்க என்றான். களியக்காவிளையில் மக்கா என்று கட்டிப்பிடித்தவன். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். குடிக்காமல் எழுந்து வந்திருக்கலாம், பசி.

அப்புறம்தான் எங்கள் ஊர் சபைப் பள்ளிக்கூடத்து மேனேஜரிடம் போனேன். ஓலைக்கொட்டகையும் ஓட்டுக்கட்டடமும் சேர்ந்த சின்னப் பள்ளிக்கூடம். மேனேஜர் என் அப்பாவைத் தெரிந்தவர், தமிழ் பேசுகிறவர்தான்.

"மக்கா, தமிழ் டிவிசன் பேப்பர்ல இப்பவும் உண்டு. பெஞ்சும் உண்டு, போர்டும் உண்டு. பிள்ளியதான் இல்ல. நீ ஒண்ணாம் கிளாசுக்குப் பிள்ளியளைக் கொண்டுவா, உன்னை டெம்ப்ரவரியாப் போடுகேன். ஸ்கூல் திறந்து ஆறாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்து தலை எண்ணுவாரு. தலை தெகைஞ்சா உன் சோலி நிலைக்கும். இல்லேன்னா டிவிசனும் இல்ல, நீயும் இல்ல. பின்ன எப்பவும் இல்ல."

முழுத் தமிழ் ஹைஸ்கூல் ஒரு வகுப்பாகச் சுருங்கியது. இருக்கட்டும், ஒரு வகுப்பில் தொடங்குவோம் என்று வீடு வீடாக இறங்கினேன். பள்ளி திறப்பதற்கு முந்தின மாதம் முழுக்க அதுதான் வேலை. ஊர்வலத்தில் என்னோடு வந்தவர்கள், போலீஸ் துரத்தும்போது என்னோடு தோட்டத்தில் ஒளிந்தவர்கள், அவர்கள் வீட்டுக்குத்தான் போனேன்.

அன்றைக்குக் கொடி பிடித்த ஒருவர் முற்றத்திலேயே என்னை நிறுத்தி, "எலே, நான் தமிழனாக்கும். அதுல ஒரு மாத்தமும் இல்ல. ஆனா பிள்ளைய மலையாளத்துல விடணும்னு நினைக்கேன்," என்றார். நெய்யாற்றின்கரைத் தாலுகா கச்சேரியில் மனு எழுத வேண்டுமென்றால் எந்த எழுத்தில் எழுத வேண்டும், தனுவச்சபுரத்தில் மேலே படிக்க வைக்க வேண்டுமென்றால் எந்த எழுத்து வேண்டும், நீயே சொல்லு என்றார். நான் அவர் காலில் விழாத குறை. கடைசியில் பழைய சிநேகத்துக்காகத் தன் இளைய மகளைத் தருவதாக ஒத்துக்கொண்டார். துருதுருவென்ற குட்டி. அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த நல்ல பிள்ளை.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்ல அவர்களுக்குச் சங்கடம். ஜெயிலுக்குப் போனவன் வாசலில் வந்து நிற்கிறானே! அதனால் வீட்டில் உள்ள பிள்ளைகளில் எதைக் கொடுத்தால் நஷ்டமில்லை என்று பார்த்தார்கள். "மூத்தவன் மிடுக்கன், அவன் மலையாளத்துக்கு. இவனுக்கு ஒண்ணும் ஏறாது, இவனை வேணும்னா கூட்டிட்டுப் போ." "இவளுக்கு அடிக்கடி வலிப்பு வரும், எப்படியும் முழுசாப் படிக்கப்போறதில்ல, தமிழ் போதும்." ஊரில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. படிக்காததைத் தமிழுக்கு விடு. கிணற்றடியில் பெண்கள் சொல்லிச் சிரித்ததை நானே கேட்டேன். நொண்டிக் கன்றைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவதுபோல விட்டார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். தலை வேண்டுமே!

கடைசியாகக் கொத்தனார் வீடு. அவருக்கு வேலை முழுக்கத் திருவனந்தபுரத்தில், வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார். மூன்று பையன்கள். மூத்தவன் ஏற்கெனவே மலையாளம். கடைசிப் பையனும் மலையாளத்துக்குத்தான் என்று முடிவாகிவிட்டது.

"நடுவுல உள்ளவனைத் தாறேன்," என்றார்.

"அவனுக்குக் காது கேக்காதே."

"ஆமா."

"காது கேளாதவனுக்கு நான் எப்படிப் படிப்பிக்க?"

கொத்தனார் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "மக்கா, அவனுக்கு மலையாளமும் கேக்காது, தமிழும் கேக்காது. எங்க இருந்தா என்ன? உனக்குத் தலை எண்ணத்துக்கு ஆச்சுல்லா?"

ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மனுஷன் கேலி செய்யவில்லை, உண்மையிலேயே எனக்கு உதவி செய்வதாக நினைத்தார். பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் மாதத்து எடவப்பாதி மழையோடு பள்ளி திறந்தது. நீளமான ஓலைக்கொட்டகை, நடுவில் ஒரு ஓலைத்தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் மலையாளம் ஒன்றாம் வகுப்பு, இந்தப் பக்கம் நான். முதல் நாள் காலையில் பிள்ளைகளை ஜெபத்துக்கு வரிசையாக நிறுத்தினோம். அந்த வருஷம் பள்ளிக்கூடம் சேரும் வயது வந்திருந்த என் மகளை என் வரிசையில் தேடினேன். காணோம். பார்த்தால் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு மலையாள வரிசையில் முன்னால் நிற்கிறாள். அவளை விட்டுவிட்டுப் போகிற அவள் அம்மா குடையை விரித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். நான் ஊரார் வீட்டில் பிள்ளை பொறுக்கிக்கொண்டிருந்த நாளில் அவள் போய்ப் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டில் நான் போட்ட சத்தத்தில் கோழி பறந்தது. "என்ன அவமானம் இது பிள்ளே! ஊரு பிள்ளிய எல்லாம் எனக்கிட்ட, எனக்க பிள்ளை அந்தப் பக்கமா? நாலு பேரு என்ன கேப்பாங்க?"

அவள் ஓலையைக் கீழே வைத்தாள். "ஊரு பிள்ளியளா? ஊர்ல வேண்டாத பிள்ளிய. எனக்குத் தெரியாதா? நீங்க உள்ள இருந்தப்போ நான் வயித்தைத் தூக்கிட்டு அந்தக் கேட்டுல வெயில்ல நின்னேன். அவளும் வயித்துக்குள்ள இருந்துட்டு நின்னா. உங்க தமிழுக்கு அவ செய்யவேண்டியது தீந்துபோச்சு."

"அவளுக்குத் தமிழ் வேண்டாமா?"

"வேதப்புத்தகம் வாசிக்க நான் வீட்டுல படிப்பிக்கேன். சோறு திங்க அவ அந்தப் பக்கம் இருக்கட்டும்."

"நாளைக்கே மேனேஜர்கிட்ட சொல்லி மாத்துவேன்."

"மாத்துங்க," என்றாள். "கொத்தனாருக்க பிள்ளைக்குப் பக்கத்துல கொண்டுபோய் இருத்துங்க."

நான் மறுநாள் மாற்றவில்லை. அதற்கு மறுநாளும் மாற்றவில்லை. தலைதான் தேவையான அளவு இருக்கிறதே, பிறகு பார்க்கலாம் என்று இருந்தேன். அந்த நாட்களில் நான் வாத்தியார். போர்டில் எழுதினேன், பிள்ளைகள் கத்தின. கொத்தனார் மகன் மற்றவர்கள் வாயைத் திறக்கும்போது தானும் திறப்பான், மூடும்போது மூடுவான். சத்தம் வராது. ஆனால் என் வாயை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான். அவ்வளவு கவனமான மாணவனை நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் கொடி பிடித்தவரின் மகளைக் காணோம். தட்டி ஓட்டையில் பார்த்தேன், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. அப்பா சொன்னாராம். போயிற்று, ஒரு தலை குறைந்தது. மத்தியானம் மேனேஜர் என்னை ஓரமாக அழைத்தார்.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருவாரு. ஒண்ணுதான் குறையுது. உனக்க பிள்ளை அந்தப் பக்கம் இருக்கா. காலையில வந்து ஒரு வார்த்தை சொல்லு, பேரை இஞ்ச மாத்தி எழுதிடலாம்."

"காலையில சொல்லுகேன்," என்றேன். சொல்வது என்றுதான் முடிவு செய்திருந்தேன். அத்தனை வருஷம் படித்தது இந்த ஒரு வார்த்தையில் நிற்கிறது. பொண்டாட்டி நாலு நாள் பேசமாட்டாள், அப்புறம் பேசுவாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் மேனேஜருக்கு முன்னாலேயே வந்து வராந்தாவில் குடையை உதறிக்கொண்டு நின்றார். வடக்கே எங்கோ உள்ள மலையாளி, வயதானவர், முகத்தில் கடுமை இல்லை. நேரே என் வகுப்புக்குத்தான் வந்தார். பின்னாலேயே ஓடிவந்த மேனேஜர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மழை ஓலையில் அடித்துக்கொண்டிருந்தது, மூலையில் ஒழுகிற இடத்தை விட்டுப் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்திருந்தன. இன்ஸ்பெக்டர் விரலால் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஒராள் குறவாணல்லோ," என்றார். அவருக்கே வருத்தமாக இருந்தது போலிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, வழி சொல்லிக் கொடுக்கிறவர்போலக் கேட்டார். "சாரினு குட்டிகள் இல்லே? இவிடெ சேர்க்கான் பிராயமுள்ள ஆரெங்கிலும்?"

பள்ளியில் சேர்க்கிற வயதில் உமக்குப் பிள்ளை இல்லையா என்கிறார். தட்டிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் 'தற… பற…' என்று மலையாள முதல் பாடத்தைக் கத்திக்கொண்டிருந்தன. எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல். அது யாருடையது என்று எனக்குத் தெரியும். தப்பில்லாமல், பயமில்லாமல், தொண்டை கிழியக் கத்துகிறாள்.

நான் என் வகுப்பைப் பார்த்தேன். ஒன்றும் ஏறாதவன், வலிப்பு வருகிறவள், காது கேளாதவன். ஒவ்வொரு வீட்டிலும் எதை இழந்தால் பாதகமில்லை என்று பார்த்து எனக்குக் கொடுத்தவை. இவர்கள் நடுவே இவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தால், ஊரார் என்னிடம் செய்ததை நான் என் மகளுக்குச் செய்கிறேன். தலை எண்ணத்துக்கு! என் சோலி நிலைக்க ஒரு தலை!  ஆத்திரம்தான் வந்தது, அழுகை இல்லை. யார்மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"இல்லை," என்றேன்.

மேனேஜர் வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் எழுதினார், கையெழுத்துப் போட்டார், டிவிஷன் முடிந்தது. பிள்ளைகளை மலையாள வகுப்பில் சேர்த்துவிடச் சொன்னார். நான் நிறையப் பொய் சொன்னவன்தான். அதில் இந்த ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை.

பிள்ளைகளை எழுப்பி வரிசையாகத் தட்டியைச் சுற்றி அந்தப் பக்கம் அழைத்துக்கொண்டு போனேன். கடைசி வரிசையில்தான் இடம் இருந்தது, அங்கே உட்கார வைத்தேன். கொத்தனார் மகன் என் வேட்டியை விட மாட்டேன் என்றான், விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. என் மகள் முதல் பெஞ்சில் இருந்தாள். என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். நான் வேறு யாரோ பிள்ளையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.